ஒரு நெல்லளவு மசை

எங்கள் வீட்டில் விளக்கெண்ணெய் படாத சாமான் கிடையாது. தலைக்கு அதுதான், தொப்புளுக்கு அதுதான், கண்ணில் தூசி விழுந்தால் அதுதான். வண்டி அச்சு முனகினாலும் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாலும் அம்மா ஒரே கலயத்தைத்தான் எடுத்து வருவாள். புதுச்சத்திரத்துக்கு மேற்கே எங்கள் காட்டில் ஆமணக்கு நன்றாக வரும். கொட்டையை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து, மேலே மிதப்பதை அகப்பையால் வழித்து எடுப்பாள். அந்த வாடை மூன்று நாளைக்கு வீட்டைவிட்டுப் போகாது. அந்த மூன்று நாளும் நான் ஆட்டுப்பட்டி ஓரமாகத்தான் படுப்பேன். எண்ணெயைப் பற்றிச் சொல்ல நான் வரவில்லை, என் மாமனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கு வரவில்லை.

மாமன் அம்மாவுக்குத் தம்பி. தாயும் தகப்பனும் ஒரே காய்ச்சலில் போய்விட்டதால், அம்மா கல்யாணமாகி வரும்போது அவரையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாளாம். "எல்லாரும் சீரோட வருவாங்க, உங்கம்மா ஒரு பையனோட வந்தா" என்று அப்பா கேலி செய்வார். செய்துவிட்டு, மாமன் களிக்கு அவரே கெட்டித் தயிராகப் பார்த்து ஊற்றுவார்.

பட்டாளத்தில் பேண்டு வாசித்துவிட்டு வந்த கிழவர் ஒருவர் பக்கத்து ஊரில் இருந்தார். அவரிடம் போய்ப் போய்ப் பழகி, மாமன் கார்நெட்டு ஊதக் கற்றுக்கொண்டார். கிழவர் சாகும்போது அதை மாமனுக்கே கொடுத்துவிட்டார். பித்தளையில் ஒரு முழம் நீளம் இருக்கும். அதில் வளைந்த குழாய் ஒன்று, இழுத்தால் வெளியே வரும், தள்ளினால் உள்ளே போகும். இழுத்தால் சுதி இறங்கும், தள்ளினால் ஏறும். சுதிக்குழாய் என்று மாமன் சொல்லுவார். அது வழுக்கிக்கொண்டும் போகக் கூடாது, பிடித்துக்கொள்ளவும் கூடாது. அதற்குத்தான் மசை.

கிழவர் கொடுத்த மசை ஒரு சின்னத் தகர டப்பியில் இருந்தது. அது தீர்ந்த பிறகு என்ன போடுவது என்று வீட்டில் பெரிய ஆராய்ச்சியே நடந்தது. நெய் போட்டார் மாமன். மறுநாள் கல்யாண வீட்டில் ஊதும்போது கட்டெறும்பு உதட்டைக் கடித்துவிட்டது. மாப்பிள்ளையைவிட மாமனின் உதடுதான் அன்றைக்குப் பெரிதாக இருந்தது. தேங்காயெண்ணெய் மார்கழிக் காலையில் உறைந்தது, மாசி வெயிலில் சட்டையில் ஒழுகியது. அப்பா வண்டி மசையைக் கொண்டுவந்தார். "அச்சுக்கு ஆகுது, இதுக்கு ஆவாதா மாப்பிள்ளே?" என்றார். ஊதி முடித்தபோது மாமனுக்குக் கறுப்பு மீசை முளைத்திருந்தது.

"அந்தக் கெழவனாரு என்ன போட்டாராம்?" என்று அம்மா கேட்டாள்.

"கம்பளி ஆட்டு மயிர வேகவெச்சா ஒரு பிசுக்கு மெதக்குமாம் அக்கா. அதோட தேன்மெழுகு சேக்கோணுமாம்."

"வாயில வெக்கிற சாமானத்துக்கு ஆட்டு மயிருப் பிசுக்கா? நல்லாருக்குது போ!"

அக்காள் சொன்னால் மாமனுக்கு அதுதான் முடிவு. கிழவர் டப்பியின் மூலையில் ஒட்டியிருந்ததை வழித்து வழித்து இன்னும் கொஞ்ச நாள் ஓட்டினார்.

அந்த ஆனியில் நாடகக் கம்பெனிக்காரர் ஒருவர் எங்கள் ஊர்ப்பக்கம் கல்யாணத்துக்கு வந்தவர், மாமன் ஊதுவதைக் கேட்டார். வீடுவரைக்கும் நடந்து வந்தார். தையில் கம்பெனி ரங்கூனுக்குக் கப்பலேறுகிறது, அதற்குமுன் ஒருநாள் சேலத்துக் கொட்டகைக்கு வந்து ஆர்மோனியத்தோடு சேர்ந்து ஊதிக் காட்டட்டும், கடுதாசி போடுகிறேன் என்று சொல்லிவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். மோர் கொடுத்தவள் அம்மாதான். மாமன் அன்றைக்குப் பூராவும் தரையில் கால் பாவாமல் நடந்தார். ரங்கூன் மோகனூருக்கு அந்தண்டை, காவேரியைத் தாண்டினால் வந்துவிடும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் அம்மாவே கார்நெட்டை எடுத்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். குத்துவிளக்கைத் துலக்கும் கையோடு அதையும் துடைப்பாள். சுதிக்குழாய்ப் பொருத்தில் சொட்டுச் சொட்டாக விளக்கெண்ணெய் விடுவாள். "எண்ணெ காட்டாம வெச்சா பித்தள கெட்டுப்போயிருஞ்சாமி" என்று என்னிடம் சொல்லுவாள். பிறகு வெயிலில் வைப்பாள். மாமனுக்கு அது சந்தோஷம். தன் ஊதுகுழலை அக்காள் ஒருநாளும் தொட்டதில்லையே. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சுதி பார்க்க யார் இருந்தார்கள்? கார்நெட்டு ஊதுகிற சுதிக்கு மற்றவர்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள். அந்தக் குழாயை இழுக்கவேண்டிய வேலையே ஆறு மாதமாக வரவில்லை.

பொங்கல் கழிந்து கடுதாசி வந்தது. தபால்காரர்தான் படித்துச் சொன்னார். வருகிற வியாழக்கிழமை. நடுவில் மூன்றே நாள்.

ஆர்மோனியம் இறங்கி வராது, கார்நெட்டுதான் இறங்கிப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே மாமன் சுதிக்குழாயை இழுத்தார். அசையவில்லை. துண்டைச் சுற்றி இழுத்தார். அப்பா ஒரு பக்கம், மாமன் ஒரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். அப்பாதான் பின்னால் விழுந்தார். ஊரில் ஈயம் பூச வந்திருந்தவரிடம் கொண்டுபோனோம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தீயில காட்டுனா வந்துரும். ஆனா பத்துவெச்ச எடமெல்லாம் சேந்து வந்துரும். அப்பறம் பன்னண்டு துண்டா எடுத்துட்டுப் போயி ஊதுங்க" என்றார்.

அன்று மத்தியானம் மாமன் சாப்பிடவில்லை. கார்நெட்டை மடியில் வைத்துக்கொண்டு களத்து மேட்டில் உட்கார்ந்திருந்தார். "நமக்கு அவ்வளவுதான் மச்சான்" என்று அப்பாவிடம் சொன்னார். குரலில் கோபம் இல்லை. அப்பா மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போனார், வைத்த மாட்டுக்கே மறுபடியும் வைத்தார். அம்மா அடுப்படி வாசலில் நின்று தம்பியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த கரண்டியிலிருந்து குழம்பு அவள் காலில் சொட்டியதை நான்தான் சொன்னேன்.

மறுநாள் விடிந்ததும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பட்டிக்குப் போனாள். எங்களிடம் இரண்டு கம்பளி ஆடுகள் இருந்தன. நான் காலைப் பிடித்துக்கொண்டேன், அவள் கத்தரித்தாள். கழுவாத மயிரை அப்படியே பானையில் போட்டு, உப்புப் போட்டுக் கொதிக்கவிட்டாள். மஞ்சளாக ஒரு பிசுக்கு மிதந்தது. விளக்கெண்ணெயை வழிக்கிற அதே அகப்பையால் அதையும் வழித்தாள், துணியில் வடிகட்டினாள், கிணற்றுப் பொந்தில் எடுத்த தேன்மெழுகைத் தனியாக உருக்கி அதில் விட்டாள். ஆறியபோது விரல் வைத்தால் பதிந்தது, ஆனால் ஒழுகவில்லை. எல்லாம் ஏற்கனவே செய்து பழகினவள் போலச் செய்தாள்.

குழாய்ப் பொருத்தில் மண்ணெண்ணெய் விட்டுச் சாயங்காலம்வரை ஊறவைத்தாள். பிறகு கன்றுக்குட்டியின் கயிற்றை வளைவுக்குள் விட்டு, இழுக்காமல், சுண்டினாள். மூன்று சுண்டு. நாலாவது சுண்டில் பொளுக்கென்று குழாய் கையோடு வந்தது. உள்ளே அரக்குப் போலச் சிவப்பாகப் பிசின் கட்டியிருந்தது. மாமன் கத்தியேவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. சாம்பலும் நூல்கழிவும் வைத்துத் தேய்த்துத் தேய்த்து, பித்தளை மினுங்கும்வரை துடைத்தாள்.

மசைக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

"நீ தடவு சாமி. ஒரு நெல்லளவு போதும். சுத்தியும் ஒண்ணுபோல இருக்கோணும்."

"நீயே தடவும்மா. உனக்குத்தான் நல்லா வரும்."

"என்ற கை வேண்டாஞ்சாமி."

அம்மா கையில் வெட்டுக்காயம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒரு நெல்லளவு எடுத்து, சுற்றி வழித்து, உள்ளே விட்டுத் திருப்பித் திருப்பித் தள்ளினேன். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. விட்ட இடத்தில் நின்றது. மிஞ்சியதை அம்மா சுண்ணாம்பு டப்பியில் அடைத்து மாமன் பைக்குள் வைத்தாள்.

வியாழக்கிழமை கார்நெட்டு ஆர்மோனியத்துக்கு இறங்கி வந்ததாம். அடுத்த வாரம் நாமக்கல்லிலிருந்து சேலம் போகிற பஸ்ஸை ரோட்டில் நிறுத்தி மாமன் ஏறினார். "போயிட்டு வாரேன் அக்கா" என்றார். அம்மா அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். அது ஏற்கனவே போட்டுத்தான் இருந்தது.

ரங்கூனிலிருந்து ஒரு கடுதாசி வந்தது. அக்கா, மசை தீர்ந்துவிட்டது, யாரிடமாவது கொடுத்தனுப்பு என்று. அம்மா இரண்டு டப்பி அனுப்பினாள். அடுத்த தை வந்தது, அதற்கடுத்த தையும் வந்தது, கடுதாசி வரவில்லை. பிறகு ரங்கூனில் குண்டு விழுந்த உலகச் சண்டை வந்தது. ஆனாலும் அம்மா கம்பளி ஆட்டை விற்கவிடவில்லை. தை பிறந்தால் ஒரு டப்பி காய்ச்சி மாடத்தில் வைப்பாள்.

இத்தனை வருஷம் கழித்து, குத்துவிளக்கின் கழுத்தில் விளக்கெண்ணெய் சிவப்பாகப் பிசின் கட்டியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழாய் ஞாபகம் வருகிறது. அந்தக் காலத்திலேயே மாதம் ஒரு தடவை விளக்கிலிருந்து அந்தப் பிசினைக் கத்தி முனையால் சுரண்டி எடுத்தவள் எங்கள் அம்மாதான்.

அன்றைக்கு அதெல்லாம் எனக்கு எங்கே தோன்றியது? பஸ் போன புழுதி அடங்குவதற்குள் அவள் சேலையைப் பிடித்து இழுத்து, "நாந்தான தடவுனேன், அதனாலதான மாமன் ரங்கூன் போறாரு?" என்று கேட்டேன். ஊரெல்லாம் சொல்லிக்கொள்ள அவள் வாயால் அது எனக்கு வேண்டியிருந்தது.

அம்மா என் விரலைப் பிடித்து, அதில் இன்னும் மசை இருப்பதுபோல முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"ஆமாஞ்சாமி. நீதான் அனுப்பிவெச்ச" என்றாள்.