குரூப் போட்டோவில் கண்ணை மூடியது யார்?

போன வெள்ளிக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தில் நான்தான் சீஃப் கெஸ்ட். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. ப்ளஸ் டூ மாணவிகளுக்குப் பிரிவு உபசார விழா. பேசுவதற்கு நானே ஒரு தலைப்பும் எடுத்து வைத்திருந்தேன் – 'நேரம் தவறாமை'.

சிரிக்காதீர்கள். அந்தத் தகுதி எனக்கு உண்டு. நான் கல்யாண வீட்டுக்குள் நுழையும்போது அங்கே நாற்காலியே இறக்கியிருக்க மாட்டார்கள். "மாப்பிள்ளை எந்திரிக்கிறதுக்கு முன்னாடி நீ போய் நிக்கணுமா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்யட்டும். லேட்டாக வருகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது... அவ்வளவுதான்.

அங்கேயும் முதல் ஆளாகப் போய் இறங்கினேன். விழாவுக்கு முன்னால் குரூப் போட்டோ. பெல் அடித்ததும் எடுத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. முகத்தில் வெளிச்சம் விழணும் என்று போட்டோகிராபர் கணேசன் எங்களைப் பள்ளி கேட்டுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தார். முன் வரிசை நாற்காலிகளில் நானும் தலைமையாசிரியையும் மற்ற ஆசிரியைகளும். எங்களுக்குப் பின்னால் தரையில் ஒரு வரிசை, பெஞ்ச் மேல் ஒரு வரிசை என்று பெண்கள்.

"ரெடி... ஸ்மைல்..."

கிளிக். கணேசன் கேமராவைக் குனிந்து பார்த்தார். "ஏத்தா, அந்த ரெட்டை ஜடை... கண்ணை மூடிட்டியே. இன்னொண்ணு எடுப்போம்."

அத்தனை பேருக்கும் ரெட்டை ஜடைதான்!

மறுபடி கிளிக். இந்த முறை கண்ணாடி போட்ட பெண் கண்ணை மூடியிருந்தாள். அடுத்து, ஓரத்தில் நின்ற நெட்டைப் பெண். அதற்கடுத்து பெஞ்சில் நின்ற யாரோ எதையோ முணுமுணுக்க, வரிசையே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

"ஏன்த்தா இம்புட்டுச் சிரிப்பு சிரிக்கிறீக? இங்குட்டு முடிச்சுட்டு நான் ஒரு காதுகுத்துக்குப் போகணும். புள்ளைய மாமன் மடியில உக்கார வச்சுட்டா, எனக்காகக் காத்திருக்க மாட்டாக."

எனக்கும் எரிச்சல்தான். பட்டுப்புடவை வேறு கசகசவென்று இருந்தது. எனக்கு நேர் பின்னால் நின்ற வகுப்பு லீடர் நந்தினியிடம் திரும்பி, "ஒரு போட்டோவுக்குக் கண்ணைத் திறந்து வைக்க முடியாதாம்மா உங்களால்?" என்று கேட்டேன்.

அவள் என் காதருகே குனிந்தாள். "கோவிச்சுக்காதீக மேடம். மீனா இன்னும் வரல."

மீனா, ஆத்தங்குடிப் பக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவளாம். அந்த பஸ் வந்தால்தான் வந்தது என்று அர்த்தம். பாதி நாள் கேட்டுக்கு வெளியே நின்றுதான் அவள் பிரேயர் கேட்டிருக்கிறாள். பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ அன்றைக்கும் பஸ் லேட். அந்தப் போட்டோவை வீட்டுக்குக் கொண்டுபோனதும் அவள் அம்மா ஆசையாகக் கையில் வாங்கி, "இதுல நீ எங்குட்டுடி நிக்கிற?" என்று ஒவ்வொரு முகமாகத் தேடினாராம். மீனா அப்படியே அழுதுவிட்டாளாம்.

"இதுதான் மேடம் கடைசி போட்டோ. காலையிலேயே எச்.எம். கிட்ட கேட்டோம். பெல் அடிச்சா அடிச்சதுதான்னு சொல்லிட்டாங்க. அதான்... ஆளுக்கு ஒரு தடவை கண்ணை மூடுறதுன்னு பேசி வச்சுக்கிட்டோம்."

"அவ்வளவு பிரியமா அவள் மேல்?"

"மிஸ் வச்சிருக்கிற திட்டெல்லாம் காலையிலேயே அவளுக்குத் தீர்ந்து போயிரும் மேடம். எங்களுக்கு மிச்சமே இருக்காது."

என் ஹேண்ட்பேக்கில் 'நேரம் தவறாமை' உட்கார்ந்திருக்கிறது. யோசித்துப் பாருங்கள் – வாசலில் சொந்த ஸ்கூட்டி நிற்கிறவளுக்கு நேரம் தவறாமை ஒரு நல்ல குணம். டவுன் பஸ்ஸை நம்பியிருக்கிறவளுக்கு? அது அதிர்ஷ்டம். என் அதிர்ஷ்டத்தைக் குணம் என்று சொல்லிக்கொண்டு இத்தனை வருஷம் திரிந்திருக்கிறேன்.

கிளிக் மேல் கிளிக் வீணாகிக்கொண்டிருக்க, பின்னால் பெண்கள் ஒருவரையொருவர் சிரிக்க வைக்கப் பழைய கதைகளை எடுத்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். கெமிஸ்ட்ரி லேபில் ஆளுக்கொரு சால்ட் கொடுத்தும் வகுப்பு முழுக்க ஒரே சால்ட்டின் பெயரை எழுதி மாட்டிக்கொண்டது. முதலில் எழுதியது மீனா. ஆண்டு விழா நாடகத்தில் ராஜா தும்மியதும் மீசை பறந்துபோய் மந்திரி மடியில் விழுந்தது. ராஜா, மீனா. குரங்கு தூக்கிக்கொண்டு ஓடிய லெமன் சாதம்? அதுவும் மீனாவுடையது. எந்தக் கதையிலும் அவள் லேட்டாக வரவில்லை.

தலைமையாசிரியை விறைப்பாக உட்கார்ந்திருந்தார். எந்த நேரமும் வெடிப்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: "கணேசன், அந்த பெஞ்ச் ஆடுது. வேற பெஞ்ச் போட்டுட்டு எடுப்போம்."

பெஞ்ச் அசையக்கூட இல்லை. அந்தம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஹாலிலிருந்து வேறு பெஞ்ச் வந்தது. பெண்கள் மெதுவாக... ரொம்ப மெதுவாக ஏறினார்கள். கணேசன் பொறுமை இழந்துவிட்டார். "இதான் கடைசி. இதுக்கு மேல என்னால ஆகாது, நான் கிளம்பிருவேன்."

அனேகமாக எல்லாப் பெண்களும் ஒரு முறை கண்ணை மூடியாகிவிட்டது. இனி யார் பாக்கி? சட்டென்று உறைத்தது – நான்தான்! பின்னால் ஏதோ தடதடப்பு, கிசுகிசுப்பு. அடுத்த தில்லுமுல்லு தயாராகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"ரெடி அண்ணே!" என்று வகுப்பே ஒரே குரலில் கத்தியது.

நான் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டேன். கிளிக்.

"அருமை. அம்புட்டுப் புள்ளைகளும் கண்ணைத் திறந்திருக்கு" என்ற கணேசன், நான் வாய் திறப்பதற்குள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கில் ஏறிவிட்டார். பெண்களின் கண்ணைத்தான் அவர் பார்த்தார். சீஃப் கெஸ்ட்டின் கண்ணை யார் பார்க்கிறார்கள்?

பதறிப்போய்த் திரும்பினேன். நந்தினிக்குப் பக்கத்தில், ஜடை பாதி அவிழ்ந்து, தோளில் பையோடு, மூச்சு வாங்க ஒரு பெண் நின்றிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மீனாவா?"

"ஆமா மேடம். லேட்டாயிருச்சு... ஸாரி."

மேடையில் நான் என்ன பேசினேன் என்று கேட்காதீர்கள். தலைப்பு ஹேண்ட்பேக்கை விட்டு வெளியே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நந்தினி வாட்ஸ்அப்பில் போட்டோவை அனுப்பினாள். மீனாவின் அம்மா இந்த முறை தேடவே இல்லையாம். பார்த்ததும் விரல் வைத்து மகளைக் காட்டினாராம். அப்புறம் ஒரே ஒரு சந்தேகம் கேட்டாராம் –

"நடுவுல பட்டுச்சேலை கட்டிக்கிட்டுத் தூங்குறாகளே... அவுக யாருடி?"