காட்டுத் திருப்பத்தில் அடித்த மணி

யாழ்ப்பாணத்துக் குறுகிய ஒழுங்கைகளில் சைக்கிள் ஓடிப் பழகியவன் நான். இரு பக்கமும் உயர்ந்த வேலி என்பதால், திருப்பம் வந்தால் மணி அடித்தே திரும்புவோம். வன்னியில் குடியேறி வயல் செய்யத் தொடங்கிய பின்னும் அந்தப் பழக்கம் விடவில்லை.

சென்ற வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். அவள் வன்னியில் பிறந்தவள். ஒட்டுசுட்டானைத் தாண்டி, காட்டுக்குள் ஒரு திருப்பத்தில் வழமைபோல் மணி அடித்தேன். பாதையோரம் குட்டியோடு நின்ற யானை காதை விரித்து எங்கள் பக்கம் திரும்பியது.

இறங்கிச் சைக்கிளைத் திருப்பினேன். பதற்றத்தில் கை மறுபடி மணிக்குப் போனது. அவள் அதைப் பொத்திப் பிடித்தாள்.

“இஞ்சாருங்கோ, அது வழிவிடுமெண்டு நினைச்சியளோ? இது உங்கட ஒழுங்கை இல்லை.”

உருட்டியபோது பின்சில்லு டிக் டிக் என்றது. உடனே அவள் கரியரைப் பிடித்துப் பின்சில்லை நிலத்திலிருந்து தூக்கினாள். “இப்ப நடவுங்கோ. ஓடாதேங்கோ.”

சத்தமின்றித் திரும்பி நடந்தோம். யானை குட்டியோடு காட்டுக்குள் இறங்கும்வரை அவள் சில்லைக் கீழே வைக்கவில்லை.

கோயிலில் கதையைக் கேட்ட அவளுடைய தமையன், “மச்சான், மணியடிச்சோ ஆனையைக் கூப்பிட்டனீர்?” என்று சிரித்தார்.

“ஓம். அனுப்பி வைச்சது உங்கட தங்கச்சி” என்றேன், சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி.

இப்போது காட்டுத் திருப்பங்களில் நான் மணி அடிப்பதில்லை. முன்னதாகவே இறங்கி இருவரும் நடந்துபோய்த் திருப்பத்துக்கு அப்பால் பார்ப்போம். “ஏறுங்கோ” என்று அவள் சொன்ன பிறகே மிதிப்பேன்.