அண்ணி பேரில் ஒரு துப்பாக்கி

எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் சங்கத்தார் என் அண்ணி ருக்குமணியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். பள்ளி மலரில் போடப்போகிறார்களாம். ஏன் என்னிடம் வந்தீர்கள் என்று கேட்டேன். “ஒங்களவிட அவங்கள யாருக்கு நல்லாத் தெரியும்?” என்றார்கள். அது உண்மைதான். ஒருவர்மேல் வயிறு எரிந்துகொண்டே இருந்தால் அவரைப் பற்றி எல்லாமே தெரிந்துவிடும். மலருக்கு வேண்டியதை வேண்டிய மாதிரி எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் போட முடியாதது இது.

அண்ணி ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். என் அண்ணன் கந்தனைக் கட்டிக்கொண்டு வடக்கே கம்போங் ராஜா பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். வந்த புதிதில் கையால் கொழுந்து பறித்தார். பிறகு மெஷின் வந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நிரை நெடுகச் சரிவில் நடக்கவேண்டும். பொம்பளைகளால் அதைத் தூக்க முடியாது என்று எஸ்டேட் எழுத்தரான கிராணி சொன்னார். மறுநாளே அண்ணி ஒரு பக்கம், அவருடைய கூட்டாளி மாரியம்மா மறுபக்கம். உனக்கு இது வராது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அண்ணி அதைச் செய்து காட்டாமல் விடமாட்டார். தூர இருந்து பார்ப்பவர்களுக்கு அது பெருமை. பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அண்ணனும் நானும் கோலா தெர்லாவில் கூட்டாக ஒரு காய்கறித் தோட்டம் போட்டிருந்தோம். அண்ணனுக்கு எஸ்டேட்டில் டிராக்டர் வேலை, எனக்குச் சீன முதலாளி ஒருவருடைய லோரியில் வேலை. மற்ற நேரமெல்லாம் தோட்டத்தில்தான் கிடந்தோம். சோளமும் சர்க்கரைவள்ளியும் போட்டால் காட்டுப்பன்றிகளுக்கு எங்களுக்கு முன்பே அறுவடை. வேலி போட்டோம், டின் கட்டித் தொங்கவிட்டோம், ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் அண்ணன் போலீசில் மனுப் போட்டு, அவர்கள் விசாரித்து, ஒற்றைக்குழல் வேட்டைத் துப்பாக்கிக்கு லைசன்ஸ் கொடுத்தார்கள். அன்றுமுதல் அவர் சினாப்பாங் கந்தன் ஆகிவிட்டார். மலாய்க்காரர்கள் துப்பாக்கிக்குச் சொல்லும் பேர் அது. கடையில் உட்கார இடம் கொடுத்தார்கள், கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

பன்றி வரும்போது விளக்கு அடிப்பவன் நான். விளக்கு இல்லாமல் எந்தப் பன்றியைச் சுட முடியும்? என் பேர் புனிதன். ஆனாலும் விளக்குப் புனிதன் என்று என்னை ஒருவரும் கூப்பிட்டதில்லை. கறி பிரிக்கும்போது ஈரல் சுட்டவருக்கு, அதாவது அண்ணி சட்டிக்கு. எனக்குத் தலை. அதைச் சுத்தம் செய்வதற்குள் திலகா என்னைத் திட்டித் தீர்த்துவிடுவாள். திலகா என் மனைவி.

அண்ணன் வீடு பள்ளிக்கூட வேலியை ஒட்டியது. சமையலறைச் சன்னலைத் திறந்தால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது கேட்கும். அந்த வீட்டுப் படுக்கையறையில் ஓர் இரும்பு அலமாரி, அதில் துப்பாக்கி, சாவி அண்ணன் இடுப்பில். ஒரு தடவை நான் அதைக் கையில் வாங்கிப் பார்க்கக் கேட்டேன். லைசன்சில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் தொடலாம் என்று சட்டம் பேசினார். கூடப் பிறந்தவனிடம் சட்டம்.

இதற்கிடையில் அண்ணி ரேலாவில் சேர்ந்தார். ரேலா என்றால் அரசாங்கத்தின் தொண்டர் படை. பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, காலையிலும் மதியமும் பள்ளிக்கூட வாசலில் நின்று காய்கறி லோரிகளை நிறுத்திப் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடுவார். என் லோரியையும் நிறுத்தினார். கையைக் காட்டிவிட்டு என்னைப் பார்க்கவே இல்லை, ஏதோ வழிப்போக்கன் மாதிரி. ரேலாப் பயிற்சி முகாமில் துப்பாக்கி சுடவும் சொல்லிக்கொடுத்தார்களாம். அண்ணி சுட்டதெல்லாம் பலகையின் நடுவில் போய் விழுந்ததாம், பயிற்சி கொடுத்தவரே கைதட்டினாராம். குருட்டாம்போக்கில் பட்டிருக்கும் என்று நான் சொன்னேன். அண்ணன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “பொறாம லா ஒனக்கு,” என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

போன வருஷம் அண்ணன் இறந்துபோனார். சோளத்துக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தவர் மண்வெட்டியைப் பிடித்தபடியே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். கருமாதி முடிவதற்குள் அண்ணி போலீசுக்குச் சொல்லி அனுப்பி, அவர்களே வந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார்கள். லைசன்ஸ்காரர் இல்லாத வீட்டில் அது இருக்கக்கூடாது. வேண்டுமென்றால் குடும்பத்தில் ஒருவர் புதிதாக மனுச் செய்யலாம், விசாரித்து முடிவு சொல்வோம் என்றார்கள். அண்ணனை நினைத்து அழுத அழுகை ஓயவில்லை எனக்கு. ஆனாலும் அந்த வார்த்தை காதில் நன்றாக ஏறியது. குடும்பத்தில் ஒருவர் என்றால் அது நான்தானே.

மனுவைக் கொடுக்கப் போலீஸ் ஸ்டேசனுக்குப் போனேன். அங்கே அண்ணி எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“நானும் போட்டிருக்கேன் தம்பி,” என்றார் சாதாரணமாக. “நீங்களும் போடுங்க. யாருக்குன்னு அவங்க பாத்துச் சொல்லட்டும்.”

“பள்ளிக்கூட வேலிக்கிட்ட வீட்ட வச்சிக்கிட்டு சினாப்பாங் கேக்குறீங்க. எவன் குடுப்பான்?”

“ஒங்க அண்ணன் அதே வீட்டுலதான வச்சிருந்தாரு.”

“அவரு ஆம்பள.”

“பள்ளிக்கூடம் அதே பள்ளிக்கூடந்தான் லா,” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வழியும் அவரே காட்டிக்கொடுத்தார். என் வீடு மேட்டில், பள்ளிக்கூடத்திலிருந்து வெகு தூரம். சுற்றிலும் தேயிலைதான். நான் நேரே தலைமையாசிரியை கத்தரீன் டீச்சரிடம் போனேன். பிள்ளைகள் நடமாடும் இடம், பத்திரிகையில் என்னென்னவோ படிக்கிறோம், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவேண்டாமா என்று பேசினேன். டீச்சர் என்னை நம்பாமல்தான் பார்த்தார். ஆனாலும், “ருக்குமணி நல்லவங்க. அது வேற. வேலிக்குப் பக்கத்துல துப்பாக்கி இருக்குறது எனக்கு இஷ்டமில்ல. கேட்டா அதத்தான் சொல்லுவேன்,” என்றார். வெளியே வந்து ஒரு தேத்தண்ணி குடித்தேன். அன்றைக்கு அது தனி ருசியாக இருந்தது.

அதோடு நிற்கவில்லை. டவுனுக்குப் போய் இரும்பு அலமாரி வாங்கிவந்தேன். படுக்கையறையில் வைத்தால் யார் பார்ப்பது? வாசலில் நுழைந்ததும் தெரியும்படி கூடத்துச் சுவரில் வைத்துத் திருகாணி முடுக்கினேன். அங்கே மாட்டியிருந்த மாமியார் படத்தைத் திலகா எடுத்துக்கொண்டு போனாள்.

விசாரணைக்கு ஒரு மலாய் சார்ஜன் வந்தார். அதட்டல் இல்லாத ஆள். முதலில் அண்ணி வீடு. நானும் போய் வேலி ஓரமாக நின்றுகொண்டேன். இடைவேளை நேரம், பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். சார்ஜன் சன்னலையும் வகுப்பறையையும் மாறி மாறிப் பார்த்தார். டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்டார். டீச்சர் சொன்னபடியே சொன்னார், தனக்குச் சம்மதமில்லை என்று. எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம்.

அண்ணி வாதாடுவார் என்று நினைத்தேன். அவர் டீச்சரைப் பார்த்துத் தலையசைத்தார்.

“டீச்சர் சொல்றது ஞாயந்தான் துவான்,” என்று ‘ஐயா’ போட்டு மலாயில் ஆரம்பித்தார். “வீட்டுல வேணாம். ஸ்டேசன்லயே பூட்டி வச்சிருங்க. வெள்ளிக்கெழம பள்ளிக்கூடம் விட்டதும் வந்து எடுத்துக்கிறேன், நேரா கோலா தெர்லாவுக்குப் போயிடுறேன். அங்க கொட்டாய்ல தங்கிக்கிறேன். ஞாயித்துக்கெழம திருப்பிக் குடுத்துடுறேன். இந்த வீட்டுக்கு அது வரவே வேணாம்.”

“வார நாள்ல பன்னி வந்தா?” என்று சார்ஜன் கேட்டார்.

“தின்னுட்டுப் போவட்டும். மிச்சம் இருக்குறது போதும்.”

டீச்சர் முகம் மாறிவிட்டது. அப்படியானால் எனக்கு ஒன்றும் தடையில்லை என்று சொல்லிவிட்டார். மேலதிகாரியைக் கேட்டுத்தான் சொல்லமுடியும் என்று சார்ஜன் சொன்னாலும், அவர் முகத்திலேயே முடிவு தெரிந்தது. எனக்குப் புரியவே இல்லை. வீட்டில் இல்லாத துப்பாக்கி என்ன துப்பாக்கி? அடுத்தவன் பார்க்காமல், அலமாரி இல்லாமல், பேர் இல்லாமல், வெறுமனே சோளத்தைக் காப்பாற்றுவதற்கா ஒருத்தி இத்தனை பாடுபடுவாள்?

இருந்தாலும் நான் மனம் தளரவில்லை. என் வீட்டில் எந்தச் சிக்கலும் கிடையாது. சார்ஜன் வந்தார், சுற்றிப் பார்த்தார். பள்ளிக்கூடம் கண்ணுக்கே தெரியவில்லை. அலமாரியைத் தட்டிப் பார்த்து, திருகாணியை ஆட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். சின்ன வயசுப் பிள்ளைகள் உண்டா என்றார். மகன் மகேன் ஈப்போவில் வேலை செய்கிறான், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் என்றேன். எல்லாம் எனக்குச் சாதகம்.

பிறகு அவர் சமையலறை வாசலுக்குப் போனார். திலகா அங்கே நின்றிருந்தாள். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான் என்று சொல்லிவிட்டு, உன் புருஷன் கையில் துப்பாக்கி இருந்தால் உனக்குத் ‘தாக்குத்’தா என்று கேட்டார். பயமா என்று அர்த்தம். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன்.

திலகா என்னைப் பார்க்கவில்லை. “தாக்குத், துவான்,” என்றாள்.

சார்ஜன் சிரிப்பை நிறுத்தினார். இன்னொரு தடவை, மெதுவாகக் கேட்டார். அவள் இன்னொரு தடவை அதையே சொன்னாள். அவர் ஃபைலை மூடிக்கொண்டு, என் தோளில் கைவைத்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போய்விட்டார். அவர் போலீஸ்காரர், என்னை அதட்டியிருக்கலாம். தோளில் கைவைத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜீப் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தேன்.

“என்னடி சொன்ன அவருகிட்ட?”

“கேட்டாரு. சொன்னேன்.”

“அண்ணி சொல்லிக்குடுத்தாங்களா?”

“அவங்க எதுக்குச் சொல்லிக்குடுக்கணும்?”

“இத்தன வருசத்துல ஒன்ன ஒரு அடி அடிச்சிருக்கேனா?”

“இல்ல.”

“அப்பறம் என்ன பயம் ஒனக்கு?”

அவள் அடுப்பைத் தணித்தாள். கோபமாகப் பேசியிருந்தால் நானும் பேசியிருப்பேன். அவள் விலை சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். “அடிச்சதில்ல. கோவம் வந்தா கையில கெடச்சத வீசுவீங்க. இதுவரைக்கும் கெடச்சது தட்டும் சட்டியுந்தான்.”

பொய் என்று சொல்ல முடியாது. வேறு எதையாவது பிடித்துக்கொள்ளவேண்டும்போல இருந்தது. “அப்ப என் அண்ணன் மட்டும் என்ன சாமியா? அவரு வீட்டுலயே வச்சிருந்தாரே. அண்ணிகிட்டயும் இதையே கேட்டிருந்தா அவங்களும் இதத்தான் சொல்லியிருப்பாங்க.”

“கேட்டாங்க,” என்றாள் திலகா. “அவரு மொத மொத லைசன்ஸ் எடுத்தப்ப, இதே கேள்வி. அன்னைக்கு நானும் அங்கதான் இருந்தேன்.”

“என்ன சொன்னாங்க?”

“ஒன்னும் சொல்லல. சிரிச்சாங்க. அவ்வளவு நேரம் சிரிச்சாங்க, கேட்ட போலீசும் கூடச் சேந்து சிரிச்சிட்டாரு. இவருக்கா, இவருகிட்டயா பயப்படணும்னு கேட்டுக் கேட்டுச் சிரிச்சாங்க. ஒங்க அண்ணனுக்கு வெக்கமாப் போயி வெளிய போயிட்டாரு.”

லைசன்ஸ் அண்ணிக்குத்தான் கிடைத்தது. வெள்ளிக்கிழமைதோறும் பச்சைச் சட்டையை மாற்றிவிட்டு ஸ்டேசனுக்குப் போகிறார், ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுக்கிறார். இந்த முறை சோளம் நன்றாக வந்திருக்கிறது, என் பங்கையும் சேர்த்துத்தான். சினாப்பாங் ருக்குமணி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கூப்பிடட்டும். துப்பாக்கியைப் பற்றி நான் இப்போதெல்லாம் நினைப்பதில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு பெண் அப்படிச் சிரித்திருக்கிறாள், அது என் அண்ணனுக்குக் கிடைத்திருக்கிறது. எனக்கு வயிறு எரிவதெல்லாம் அதற்குத்தான்.