வானம் விழாத புதன்கிழமை

ஆனி மாதம். எங்கள் எஸ்டேட்டில் காப்பி நாற்று நடவு நடந்துகொண்டிருந்தது. குழி எடுத்து, மழை இறங்கி, மண் பதமாக இருந்த நேரம். அப்போதுதான் ரேடியோவில் சொன்னார்கள், அமெரிக்காக்காரன் மேலே அனுப்பிய இரும்பு வீடு ஒன்று கீழே விழப்போகிறது என்று. ஸ்கைலாப் என்று அதற்குப் பெயர். எங்கே விழும் என்று அனுப்பியவனுக்கே தெரியாதாம். ரேடியோக்காரர் அவ்வளவுதான் சொன்னார். அந்தச் சேதி தலைச்சோலை வந்து எங்கள் லைனுக்குள் நுழைவதற்குள் சேர்வராயன் மலையே பிளக்கப்போகிறது, புதன்கிழமையோடு உலகம் முடிந்தது என்று ஆகியிருந்தது.

லைன் என்றால் ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடு. எங்களுடையது கடைசி வீடு. திங்கள்கிழமையே எல்லாரும் கோழி அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். முட்டைக்கு வைத்திருந்த பெட்டை, சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல், எதையும் விட்டு வைக்கவில்லை. நேர்ந்துவிட்டதை அடிக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். சாமி மட்டும் இருக்கப்போகிறதா என்று இன்னொருத்தி திருப்பிக் கேட்டாள். செவ்வாய்க்கிழமை ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. நாற்றங்காலில் இருந்து கூடை கூடையாக எடுத்து வைத்த நாற்று குழி ஓரத்தில் அப்படியே கிடந்தது. எஸ்டேட்டில் ஆள்கணக்கு எழுதுகிற ரைட்டர் வந்து லைன் வாசலில் நின்று சத்தம் போட்டார். புதன் கழிந்து வருகிறோம், இருந்தால் வருகிறோம் என்று உள்ளிருந்து பதில் போயிற்று.

நான் கோழி அடிக்கவில்லை. சாகப்போகிறோம் என்பதற்காக வாய்க்கு ருசி தேடுகிறவள் இல்லை நான். எனக்கு வேறு கவலை இருந்தது.

எனக்கு ஒரே மகள். பத்தாவது பாஸ் செய்திருந்தாள். எங்கள் லைனில் முதலில் பாஸ் செய்தவள் அவள்தான். ஏற்காட்டில் அவள் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு சிஸ்டர் அவள்மேல் பிரியமாக இருந்தார். அவரே எழுதிப் போட்டு, சேலத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு அவளைக் கூப்பிட வைத்தார். புதன்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு வெள்ளைச் சேலையா என்று எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் வாங்கிக் கொடுத்தேன். பத்து நாளாக அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

அவள் போகவேண்டிய புதனும் உலகம் முடிகிற புதனும் ஒன்றாகப் போயிற்று.

இங்கே என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைக்காய்ச்சல் இருந்த காலத்தில் அவன் அரிசி வாங்க அடிவாரத்துக்கு இறங்கினான். போன இடத்தில் காய்ச்சல் கண்டது. ஒரு கடை வாசலில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள்தான் எங்களுக்குச் சேதி வந்தது. அதற்குள் யாரோ எடுத்து அடக்கம் செய்திருந்தார்கள். உயிர் போகும்போது சொந்த ரத்தத்தில் ஒருவர் வாயில் தண்ணீர் விட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவனுக்கு விட ஆளில்லை. அதற்குப் பிறகு என் அம்மா எப்போது தண்ணீர் குடித்தாலும் முதல் வாயைத் தரையில் ஊற்றிவிட்டுத்தான் குடித்தாள். சாகும் வரைக்கும் அப்படித்தான்.

செவ்வாய் சாயங்காலம் மகளிடம் நாளைக்குப் போகவேண்டாம் என்றேன். காலையில் போய் மத்தியானம் திரும்பிவிடுவேன் என்று கெஞ்சினாள். என் வீட்டுக்காரர் காப்பிச் செடிக்குக் கவாத்து வெட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். அவரே அன்று வாய் திறந்தார்.

"போகட்டும் உடு. விழறது இங்க இருந்தாலும் விழும், அங்க இருந்தாலும் விழும்."

"விழட்டுமுங்க. எம் புள்ள வாயில தண்ணி ஊத்த நான் பக்கத்துல இருக்கோணும்" என்றேன்.

மகள் சேலையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

புதன்கிழமை காலையில் வளைவில் சேலம் போகிற முதல் பஸ் ஹாரன் அடித்தது எங்கள் மூவருக்கும் கேட்டது. மகள் எழுந்துபோய் முகம் கழுவினாள். வந்து அந்த வெள்ளைச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். "சாகறதுன்னா இதக் கட்டிட்டே சாகறனுங்க" என்றாள். நான் ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து, துளசி கிள்ளிப் போட்டு, வீட்டின் நடுவில் வைத்தேன். சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்தோம். வெளியே மேகம் இறங்கி, எதிரே இருக்கிற சில்வர் ஓக் மரம்கூடத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு பேரும் ஒண்ணாப் போறதுன்னா, யாரு யாருக்கு ஊத்தறது?"

மகள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று. பத்து மணி ஆகியிருக்கும் அப்போது. சாயங்காலம் வரை ஒன்றும் விழவில்லை. அவள் செம்பை எடுத்துக்கொண்டு போய்க் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்தாள்.

மறுநாள் ரேடியோவில், எங்கேயோ ஆஸ்திரேலியாப் பக்கம் கடலிலும் காட்டிலுமாக விழுந்துவிட்டது என்றார்கள். மலை முழுவதும் ஒரே சிரிப்பு. உலகம் அழிந்ததில் உங்கள் கோழி மட்டும்தானே அழிந்தது என்று ரைட்டர் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நின்று கேட்டார். என் வீட்டுக் கோழிகள் வாசலில் மேய்ந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்துவிட்டு, இந்த ஊட்டுக்காரம்மாதான் நொம்பத் தெளிவு என்றார். நான் மறுத்துச் சொல்லவில்லை. எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை, சிஸ்டர் தங்கியிருந்த கான்வென்ட்டில் சமைக்கிற அம்மாள் நான் வேலை செய்கிற காப்பிக் காட்டுக்கே நடந்து வந்தார். மடித்த ஒரு கடுதாசியை என் கையில் கொடுத்தார். "சிஸ்டரு குடுத்தாங்க. சனிக்கெழமைக்குள்ள புள்ளய அனுப்பச் சொன்னாங்க. மத்ததெல்லாம் உள்ள எழுதியிருக்குதாமுங்க" என்று சொல்லிவிட்டு, மழை வருமுன் போக வேண்டும் என்று இறங்கிவிட்டார்.

எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. ஆனால் உள்ளே என்ன இருக்கும் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். ஏன் வரவில்லை, நேரில் வந்து காரணம் சொல் என்றுதான் இருக்கும். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவும் சிஸ்டர்களும் உட்கார்ந்திருக்க, நான் நின்று, வானம் விழும் என்று பயந்து பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். மலையே சிரிக்கிற விஷயம். பறிப்புக் காலத்தில் முதலில் நிறைவது என் கூடை. எஸ்டேட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருவர் முன்னாலும் தலை குனிந்து நின்றதில்லை நான். பொய் சொல்லித் தப்பிக்கவும் மனசில்லை.

ரைட்டரிடம் கொடுத்தால் படித்துச் சொல்லியிருப்பார். மகளிடம் கொடுத்தால் நொடியில் படித்திருப்பாள். நான் கடுதாசியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து தகரப்பெட்டியின் அடியில் வைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் கேட்டாள். "சிஸ்டரு ஒண்ணுமே சொல்லி உடலீங்களா?"

"இல்ல கண்ணு" என்றேன்.

தானே போய்க் கேட்க அவளுக்கும் வெட்கம். என் வயிற்றில் பிறந்தவள்தானே. அந்த வருசமே சிஸ்டரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

திங்கள்கிழமை அவள் என்னோடு காட்டுக்கு வந்தாள். அந்த இரண்டு நாளில் குழி ஓரத்தில் வாடிப்போன நாற்றையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு அந்தக் குழிகளில் புது நாற்று நட்டோம். அவள் கையால் நட்ட செடிகள் வளர்ந்து, அவளே வருசா வருசம் பழம் பறித்தாள். பக்கத்து லைனில் கட்டிக் கொடுத்தோம். வெள்ளைச் சேலை முதல் குழந்தைக்குத் தூளி ஆயிற்று. என் வீட்டுக்காரர் போனபோது வாயில் தண்ணீர் விட்டது அவள்தான். பிறகு நானும் அவளோடுதான் இருக்கிறேன்.

பல வருசம் கழித்து, பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தர எஸ்டேட்டில் சாயங்கால வகுப்பு வைத்தார்கள். ஐம்பது தாண்டி எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். யாரும் இல்லாத ஒரு மத்தியானம் பெட்டியைத் திறந்து அந்தக் கடுதாசியை எடுத்தேன். படித்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

"அம்மா, பிள்ளை ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். நான் பேசிவிட்டேன். காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். அவளை மட்டும் பஸ் ஏற்றி அனுப்பினால் போதும்."

மறுபடி அதைப் பெட்டியில் வைத்தேன். இன்னும் இரண்டு வருசம் வைத்திருந்தேன்.

அப்புறம் ஒரு பறிப்புக் காலத்தில் யாரோ வெளியூர்க்காரர்கள் குப்பனூர் வழியாக ஏறி வந்து லைன் லைனாக நோட்டீஸ் கொடுத்தார்கள். இந்த மாதம் இந்தத் தேதியில் உலகம் முடிகிறது என்று போட்டிருந்தது. நானே படித்தேன். இந்தத் தடவை யாரும் கோழி அடிக்கவில்லை. பிள்ளைகள் நோட்டீஸில் கப்பல் செய்து வாய்க்காலில் விட்டார்கள்.

அந்தத் தேதி வந்த காலையில் மகள் பறிக்கிற பையை இடுப்பில் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்கம்மா, இன்னைக்கு நான் வேலைக்குப் போலாங்களா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போய்ப் பெட்டியைத் திறந்து கடுதாசியை எடுத்து வந்து, எப்போது வந்தது என்பதையும் சொல்லி, அவள் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"உங்களுக்குத்தான் அப்பப் படிக்கத் தெரியாதுங்களே" என்றாள்.

நான் தப்பித்துக்கொள்ள அவளே வழி விட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"உன்னயக் கேட்டிருக்கலாம் சாமி. நாந்தான் கேக்கல."

அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் பழம் எடை போடுகிற இடத்தில் எப்போதும் எனக்குப் பின்னால் நிற்கிறவள் அன்று வரிசையின் கடைசியில் போய் நின்றாள். இரவு எனக்குச் சோறு போட்டாள். பேசவில்லை. நாலு நாள் அப்படியே இருந்தாள். ஐந்தாம் நாள் குழம்புக்கு உப்பு போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன்.

கடுதாசியை அவள் திருப்பித் தரவில்லை. தன்னுடைய பத்தாவது சர்ட்டிபிகேட்டுக்குள் மடித்து வைத்திருப்பதை ஒரு நாள் வீடு ஒழுங்குபடுத்தும்போது பார்த்தேன். பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை.