‘ஒண்ணு போதும்’ அக்கா

பாதி தீர்ந்த ஷாம்பூ பாட்டிலை இன்னொரு பாதி பாட்டிலின் வாய்மேல் தலைகீழாகக் கவிழ்த்து, சாயாமல் இருக்கச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டுத்தான் அவள் காலையில் வேலைக்குக் கிளம்புவாள். சாயங்காலம் வந்து பார்க்கும்போது கீழே இருப்பது நிறைந்திருக்கும். மேலே இருப்பது குப்பைக்குப் போகும். அப்போது அவள் முகத்தில் வருகிற நிம்மதி, சம்பளம் வாங்குகிற அன்றுகூட வராது. “ஒண்ணு போதும். ரெண்டு இருந்தா ரெண்டும் இடத்தை அடைக்கும்” என்பாள்.

இப்படித்தான் ஒருநாள் சமையலறை அலமாரியில் இரண்டு கண்ணாடி ஜாடிகளைப் பார்த்தாள். இரண்டிலும் வெள்ளையாக, பொடியாக ஏதோ பாதி அளவுக்கு இருந்தது. ஒன்றை எடுத்து இன்னொன்றில் கொட்டிக் குலுக்கி வைத்தாள். மறுநாள் காபியை வாயில் வைத்த கணவர், பேசாமல் எழுந்து போய்த் தொட்டியில் துப்பிவிட்டு வந்தார்.

“ஏம்மா, உப்பையும் சர்க்கரையையும் ஒண்ணாக் கொட்டுவாங்களா?”

“பாக்க ஒரே மாதிரி இருந்துச்சு” என்றாள். அதில் வருத்தம் மருந்துக்கும் இல்லை.

அவள் வீட்டில் குடை ஒன்று, கத்தரிக்கோல் ஒன்று, மகள் ஒன்று. அந்த மகள் ஒரு பூனை வேண்டும் என்று ரொம்ப நாளாக நச்சரித்துக்கொண்டிருக்கிறாள். “பூனை எதுக்கு? அதான் நீ இருக்கியே. பால் குடிக்கிற, சோபாவைக் கிழிக்கிற, கூப்பிட்டா திரும்பிப் பாக்கமாட்டேங்கிற” என்று சொல்லி அம்மா அந்த விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்துவிட்டாள்.

அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே ‘ஒண்ணு போதும்’ அக்காதான். அவளைவிட வயதில் மூத்த மேலாளரும் வாய் தவறி அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். அவள் வேலை, பல இடங்களில் சிதறிக் கிடக்கும் தகவல்களை டேட்டாபேஸிலிருந்து கேட்டு வாங்கி ஒரே பட்டியலாகக் காட்டுவது. இந்த வேலைக்கென்றே பிறந்தவள் என்று சொன்னால் அது புகழ்ச்சி இல்லை.

டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை நீளமாக உட்கார்ந்து எழுதுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. குவெரி பில்டர் என்று ஒன்று உண்டு. துண்டு துண்டாகச் சொல்லி இடையில் புள்ளி வைத்துக்கொண்டே போனால், கேள்வியை அதுவே கோத்துக்கொள்ளும். இந்த டேபிளிலிருந்து, அதாவது தகவல் அட்டவணையிலிருந்து எடு, ஒரு புள்ளி. பெயர், வயது என்று இந்தக் கட்டங்களை மட்டும் எடு, ஒரு புள்ளி. கடைசியில் ‘யூனியன்’ என்று அடித்து, அடைப்புக்குறிக்குள் இரண்டாவது கேள்வியைக் கொடுத்துவிட்டால் போதும். இரண்டு கேள்விகளின் பதில்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே பட்டியலாக வந்து நிற்கும். இரண்டு பக்கமும் கட்டங்கள் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான்.

அதில் அவள் மனத்தைக் கொள்ளைகொண்ட விஷயம் வேறு. எல்லாக் கட்டத்திலும் ஒரே மாதிரி உள்ள வரிகள் இரண்டு வந்தால், யூனியன் சத்தம் போடாமல் ஒன்றை விழுங்கிவிடும். எதையும் விழுங்காமல் அத்தனையும் வேண்டுமென்றால் கூடவே ‘ஆல்’ என்று அடிக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் அதை அடித்ததே கிடையாது. “ரெட்டை வரியைப் பாத்தா எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும்” என்பாள்.

போன மாதம் அவளிடம் ஒரு பிராணிகள் காப்பகத்தின் வேலை வந்தது. ஆதரவில்லாத நாய் பூனைகளுக்கு இரண்டு வீடுகள். மேட்டு வீட்டைத் தங்கை நடத்துகிறாள், பள்ளத்து வீட்டை அண்ணன். இருவருக்கும் ஏழாம் பொருத்தம், அதனால் டேபிள்களும் தனித்தனி. பள்ளத்து வீட்டை வெள்ளிக்கிழமை இடிக்கப் போகிறார்கள். அதற்குள் யாரும் எடுத்துக்கொள்ளாத பிராணிகளை வேனில் ஏற்றி, எங்கோ தொலைவில் உள்ள பெரிய கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனது எதுவும் திரும்பி வீடு பார்த்ததில்லை என்பது அண்ணனின் கவலை. ஆகவே இரண்டு வீட்டுப் பிராணிகளையும் ஒரே பட்டியலில் போட்டு ஊருக்குக் காட்ட வேண்டும்.

அவள் ஒரே மூச்சில் முடித்தாள். பெயர், இனம், நிறம், ஆணா பெண்ணா, வயது. இரண்டு டேபிளிலும் வரிசை எண்கள் ஒன்றிலிருந்து தொடங்கின, குழப்பம் என்று எண்ணை விட்டுவிட்டாள். எந்த வீடு என்பதையும் விட்டுவிட்டாள். “பூனை கேக்கறவங்களுக்கு மேடு என்ன, பள்ளம் என்ன?” பட்டியலின் அடியில் தங்கையின் தொலைபேசி எண் மட்டும் இருந்தது. தன்னிடம் இல்லாத பிராணியை யாராவது கேட்டால் தங்கை அண்ணனுக்குத் தள்ளிவிடுவாள். பட்டியல் நன்றாகவே வேலை செய்தது. பள்ளத்து வீடு மளமளவென்று காலியானது.

புதன்கிழமை அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“மேடம், எங்க கறுப்பி பட்டியல்ல வரவே இல்லையே.”

“இருக்கே சார். கறுப்பி, பூனை, கறுப்பு, பெண், ரெண்டு வயசு.”

“அது என் தங்கச்சி வீட்டுப் பிசாசு மேடம்! நான் பேர் வெச்சதைப் பாத்து அவளும் அதே பேரை வெச்சுட்டா. கறுப்பின்னு யார் கேட்டாலும் அதைத்தான் எடுத்துக் காட்டறா. அது கையைப் பிறாண்டி விட்டுடுது, வந்தவங்க அப்படியே ஓடிடறாங்க. என் கறுப்பி பரம சாது. அவளை யாரும் கேக்கவே இல்ல.”

அவள் இரண்டு டேபிளையும் திறந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“சார், ரெண்டுலயும் அச்சு அசல் ஒரே வரி. ஒரே பூனையை நீங்களும் உங்க தங்கச்சியும் தனித்தனியா ஏத்தி வெச்சிருக்கீங்க. நல்லவேளை, யூனியன் ஒண்ணைத் தூக்கிடுச்சு.”

“அப்படியா?” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் தொலைபேசியை வைத்தார். அவள் வெற்றிப் பெருமிதத்தோடு காபி குடிக்கப் போனாள்.

மறுநாள் காலை அவர் ஒரு கூடையோடு நேரில் வந்து நின்றார். மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு கறுப்புப் பூனை சாவகாசமாக வெளியே வந்து, மேஜையைச் சுற்றிப் பார்த்து, விசைப்பலகைமேல் உட்கார்ந்துகொண்டது. திரையில் ஒரே எழுத்து வரிவரியாக ஓடியது.

“இது யாரு சார்?”

“யாரும் இல்ல மேடம். நீங்கதானே சொன்னீங்க, இப்படி ஒரு பூனையே இல்லன்னு. இல்லாத பூனை உங்களை என்ன தொந்தரவு பண்ணிடப் போகுது? பட்டியல்ல வரட்டும், வந்து தூக்கிட்டுப் போறேன்.” கூடையைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

அவள் மேட்டு வீட்டுக்குத் தொலைபேசி போட்டுக் கேட்டாள். “கறுப்பியா? இதோ என் திரைச்சீலையைக் கிழிச்சிட்டு இருக்கே” என்றாள் தங்கை. அக்கா தன் மேஜையைப் பார்த்தாள். இங்கே ஒன்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. முதல்முறையாக அவளுக்கு அந்த உப்புக் காபியின் ருசி நாக்கில் தட்டியது. ஒருவர் ஆசையாக வளர்க்கிற உயிரை இல்லையென்று சொல்லி, அதற்காகச் சந்தோஷப்பட்டும் இருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. நாள் வேறு ஒன்றுதான் மிச்சம்.

விசைப்பலகையிலிருந்து இறக்கியதும் பூனை நேராக மடிக்கு வந்தது. இறக்கிவிட்டாள், மறுபடி ஏறியது. சரி, கிட என்று விட்டுவிட்டு ஒற்றைக் கையால் வேலையை ஆரம்பித்தாள். இரண்டு கேள்வியிலும் வீட்டின் பெயருக்கு ஒரு கட்டம், அந்த வீட்டுத் தொலைபேசி எண்ணுக்கு ஒரு கட்டம். இப்போதே வரிகள் வேறுவேறு, யூனியன் எதையும் விழுங்காது. ஆனாலும் அவளுக்கு இனி அதன்மேல் நம்பிக்கை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ‘ஆல்’ சேர்த்தாள். எதிர்மேஜையில் இருந்தவள் எட்டிப் பார்த்து, “அக்கா, உடம்பு ஏதும் சரியில்லையா?” என்று கேட்டாள். சோதித்துப் பார்த்து வெளியிடச் சாயங்காலம் ஆகிவிட்டது. சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. கால் மரத்துப்போயிருந்தது, பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

தகவல் சொன்னதும் அண்ணன் வந்தார். திரையில் மேடு ஒரு கறுப்பி, பள்ளம் ஒரு கறுப்பி.

“அப்பாடா, இப்பதான் என் பொண்ணு இருக்கான்னு உலகத்துக்கே தெரியுது” என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “காலையில வேன் வந்துடும். அதுக்குள்ள யாராவது பாத்து ஒரு போன் பண்ணா சரி.” கூடையின் மூடியைத் திறந்து, பூனையைத் தூக்கக் குனிந்தார்.

அவள் இடது கையால் பூனையை மூடிக்கொண்டாள். வலது கையால் தன் போனை எடுத்து, திரையைப் பார்த்துப் பார்த்து எண்களை அழுத்தினாள். அவர் சட்டைப்பையில் மணி அடித்தது. அவர் போனையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, “வணக்கம், பள்ளத்து வீடு” என்றார்.

“உங்ககிட்ட கறுப்பின்னு ஒரு பூனை இருக்காமே. இன்னும் இருக்கா, யாராவது கொண்டுபோயிட்டாங்களா?”

“இருக்கு மேடம். மேட்டு வீட்லயும் ஒண்ணு இருக்கு. பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், எதுவா இருந்தா என்ன?”

“பாக்க ஒரே மாதிரி இருக்கலாம் சார். எனக்கு இதுதான் வேணும்.”

“வீட்ல இதுக்குத் துணைக்கு யாராவது?”

“பொண்ணு இருக்கா. சோபாவைக் கிழிக்க ஆள் தேடிட்டு இருக்கா.”

போனை வைத்தார்கள். அவர் திரும்பி வந்து, பள்ளத்து வீட்டுக் கறுப்பிக்கு வீடு கிடைத்துவிட்டது என்று அவள் கணினியிலேயே தம் டேபிளில் குறித்தார். அந்த வரி பட்டியலிலிருந்து மறைந்தது. பார்த்தால், புதன்கிழமை இருந்த மாதிரியே கறுப்பி ஒன்றே ஒன்று. அதைக் கண்டு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் காலிக் கூடையை எடுக்கப் போனார்.

“அது இங்கேயே இருக்கட்டும் சார்.”

“ஏன் மேடம், வீட்ல கூடை இல்லையா?”

“ஒண்ணு இருக்கு” என்றாள். பூனை விழித்துவிடாமல் மெல்லக் காலை நீட்டி, அந்தக் கூடையைத் தன் நாற்காலிப் பக்கம் இழுத்துக்கொண்டாள்.