செங்காவின் குடல் விவகாரம்

குளியலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டுதான் செங்கா டாக்கர்ட்டி, இன்றைக்கு வேலைக்கு வரமுடியாது என்று போன் செய்வாள். முதுகு குளியல் தொட்டியில் சாய்ந்திருக்கும். ஒரு கை வயிற்றை அழுத்திப் பிடித்திருக்கும். குறுஞ்செய்தி அனுப்பக் கூடாது, வீட்டில் வேறு யாரும் பேசக் கூடாது, சொந்தக் குரலில் மேனேஜரிடமே சொல்ல வேண்டும் என்பது விதி. மேனேஜர் ஃப்ரேசர் லோகனுக்கு அவள் மகன் வயது. "வயித்துல கொஞ்சம் தொந்தரவா, செங்கா?" என்று இதமாகக் கேட்பான். அந்த இதம்தான் அவளுக்கு ஆகாது.

"தொந்தரவு இல்ல தம்பி, பேதி. ரத்தமும் சேர்ந்து போகுது. அப்படியே எழுதிக்கோ."

எப்போது முழுசாகக் குணமாகும் என்று அவன் அடுத்துக் கேட்பான். கேட்டே ஆகவேண்டிய கேள்வி அது.

"முப்பது வயசுல வந்தது. இப்ப அம்பதைத் தாண்டியாச்சு. அதுகிட்டயே கேட்டுச் சொல்லட்டுமா?"

கிளாஸ்கோவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு வார்டில் தேநீரும் சாப்பாடும் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலை. ஆக்னெஸ் என்ற அம்மாவின் பெயரை ஆங்கிலத்தில் பின்னாலிருந்து எழுதினால் வருவது செங்கா. அந்த ஊரில் அவள் வயதுக்காரிகளில் இன்னும் சில செங்காக்கள் உண்டு. குள்ளமான, அகன்ற உடம்பு. வார்டின் ஒரு கோடியில் பேசினால் மறு கோடியில் கேட்கிற குரல். எல்லாரும் அவளுக்குக் 'கண்ணு'தான். இடுப்பெலும்பு உடைந்து படுத்திருக்கும் கிழவரும் கண்ணு, அவருக்கு அறுவை செய்த டாக்டரும் கண்ணு. ரொட்டியில் வெண்ணெயை ஓரம்வரை தடவுவாள். நடுவில் மட்டும் ஒரு பொட்டு வைத்துக் கொடுப்பவர்களை மனிதராக மதிப்பதில்லை.

நோயின் பெயர் க்ரோன்ஸ். குடல் தானாகவே புண்ணாகி வீங்கும், அடங்கும், மறுபடி வீங்கும். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிவரை பஸ் போகிற வழியில் எந்தெந்தக் கடையில் கேட்காமலே கழிவறைக்குள் போகலாம் என்பது அவளுக்கு மனப்பாடம். லாக்கரில் மாற்று உள்ளாடை எப்போதும் இருக்கும். ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் உப்பிப்போன வருஷம், பக்கத்து வீட்டுக்காரி வழிமறித்து, "முகத்துல நல்ல களை வந்திருக்கே செங்கா" என்றாள். அவளுடன் செங்கா இன்றுவரை பேசுவதில்லை.

ஆனால் நோயின்மேல் அவளுக்குக் கோபம் கிடையாது. அதற்கு என்ன தெரியும், வெறும் குடல்தானே என்பாள். கோபமெல்லாம் விதிகளின்மேல். சாப்பாட்டைத் தொடுகிற வேலைக்காரருக்குப் பேதியானால், நின்ற பிறகும் இரண்டு நாள் உள்ளே வரக் கூடாது. தொற்று பரவாமலிருக்க அந்த ஏற்பாடு. செங்காவின் பேதி யாருக்கும் ஒட்டாது. ஆனாலும் வீட்டில் உட்கார வைப்பார்கள். உட்கார வைத்துவிட்டு அந்த இரண்டு நாளையும் அவள் எடுத்த லீவாகக் கணக்கில் ஏற்றுவார்கள். லீவு மிகுந்துவிட்டது என்று பிறகு விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். பொய் சொல்லிவிட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. "உண்மை பேசுறதுக்கு அபராதம் கட்டுறேன் கண்ணு" என்று நோயாளிகளிடம் சொல்லிக்கொண்டே கஞ்சி ஊற்றுவாள்.

விசாரணைக்கு முன் பணியாளர்களுக்கென்று வைத்திருக்கும் டாக்டரிடம் அனுப்புவார்கள். அனுப்புவது என்றால் போனில்தான். முதல் தடவை செங்கா நல்ல கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலை வாரி, சமையலறை மேஜையில் காத்திருந்தாள். ஒரு டாக்டர் கேட்கப்போகிறார், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிக்கை. வேறேதோ ஊரிலிருந்து பேசிய அந்தக் குரல், கையைத் தலைக்குமேல் தூக்க முடிகிறதா என்று விசாரித்தது. அடுத்த வருஷம் வேறு குரல், அதே கேள்வி. மூன்றாவது ஆள்தான் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டார். இந்த நோய் திரும்பத் திரும்ப வரும், தொற்றாது, சிகிச்சை நாட்களைக் கணக்கிலிருந்து நீக்குவது பற்றி நிர்வாகம் பரிசீலிக்கலாம் என்று எழுதினார். செங்கா அதை ஃப்ரேசரிடம் கொண்டுபோனாள். அது ஆலோசனைதான், கட்டாயம் ஒன்றுமில்லை என்றான் அவன்.

"பரிசீலிக்கலாம்னா, பரிசீலிக்காமலும் இருக்கலாம். அதானே?" என்றாள். அவனுக்கும் மேலே ஒருவர் இருந்தார், அவருக்கு மாதாமாதம் மொத்தம் எத்தனை லீவு என்று ஒரு எண் போயாக வேண்டும்.

போன மார்ச்சில் கடைசி விசாரணைக்குக் கடிதம் வந்தது. வேலையே போகலாம் என்று அதில் எழுதியிருந்தது. தேதியைப் பார்த்ததும் செங்காவுக்குக் காது சுட்டது. எட்டு வாரத்துக்கு ஒருமுறை அதே ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் அவளுக்கு ட்ரிப்ஸ் ஏற்றுவார்கள். விசாரணையும் அதே நாள், அதே நேரம். தேதியை மாற்றச் சொன்னாள். முடியாது, வராவிட்டால் அவள் இல்லாமலே முடிவெடுக்க நேரும் என்றான் ஃப்ரேசர். ட்ரிப்ஸைத் தள்ளிப்போட்டால் மறுபடி படுக்கை, மறுபடி லீவு.

"அப்ப நீங்க மேல வாங்க. மூணாவது மாடி, ஜன்னலோர நாற்காலி. நான் எங்கயும் ஓடிப்போக மாட்டேன், கையில ஊசி குத்தியிருக்கும்."

வருவார்கள் என்று அவளே நினைக்கவில்லை. வந்தார்கள். ஃப்ரேசரும், பணியாளர் துறையிலிருந்து பிலிப்பா என்ற பெண்ணும், மடிக்கணினியோடு. சாய்வு நாற்காலிகளில் நோயாளிகள் கையில் குழாயோடு வரிசையாகச் சாய்ந்திருந்தார்கள். பிலிப்பா குரலைத் தாழ்த்தி, இது அந்தரங்கமான விஷயமாயிற்றே, எல்லார் காதிலும் விழுமே என்றாள்.

"விழட்டும் கண்ணு. இங்க இருக்கிற எல்லாருக்கும் என் குடலைத் தெரியும். எனக்கும் அவங்க குடலைத் தெரியும். கீழ உக்காந்து கணக்கு எழுதுறவங்களுக்குத்தான் தெரியல."

பக்கத்து நாற்காலியில் ஆர்ச்சி என்ற பழைய கப்பல்பட்டறைத் தொழிலாளி, படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளை மடித்து வைத்தார்.

ஃப்ரேசர் காகிதத்தைப் பார்த்தபடி, வருகையைச் சீராக்க அவள் என்னென்ன முயற்சி எடுக்கிறாள் என்று கேட்டான். செங்கா தன் கையில் இறங்கிக்கொண்டிருந்த மருந்தை நிமிர்ந்து பார்த்தாள். அவன் பார்க்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடர்ந்தான்.

"எல்லாருக்கும் உடம்புக்கு வர்றதுதான், செங்கா. எனக்கே மூணு நாளாச் சளி, காய்ச்சல் வேற. ஆனா வந்துட்டேன் பாருங்க. இங்க சேர்ந்ததுலேர்ந்து ஒருநாள்கூட நான் லீவு போட்டதில்ல."

நர்ஸ் மோராக் அடுத்த நோயாளிக்கு ஊசியைப் பொருத்திக்கொண்டிருந்தாள். அதை முடித்து, கையுறையைக் கழற்றிவிட்டு நேராக அவன் முன்னால் வந்து நின்றாள்.

"வெளியே போங்க."

வெறும் சளிதான் என்றான் அவன்.

"உங்களுக்கு அது சளி. இவங்களுக்கெல்லாம் எதிர்ப்புச் சக்தியை அடக்கித்தான் மருந்து குடுக்கறோம். போங்க."

அவன் போனான். கண்ணாடிக் கதவு மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காகிதங்களோடு நின்று, உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று வாயசைவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கதவைத் திறந்து ஒரே ஒரு கேள்வி என்று ஆரம்பித்தான். மோராக் கதவைத் தோளால் தள்ளிச் சாத்தினாள். ஆர்ச்சி கண்ணாடியைப் பார்த்துக் கையாட்டினார்.

செங்கா சிரிக்கவில்லை. பிலிப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"குளிர்காலத்துல நெஞ்சுச்சளி வந்து ரெண்டு தடவ நான் படுத்தேன். அதையும் சேர்த்துத்தானே எண்ணியிருக்கீங்க? ஒவ்வொரு தடவ லீவு முடிஞ்சு வந்ததும் இந்தத் தம்பி ஜன்னல் இல்லாத அவன் ரூம்ல என்னை எதிர்ல உக்கார வெச்சு, ஏன் வரலைன்னு அரை மணி நேரம் கேப்பான். இருமிக்கிட்டே கேப்பான். அங்க போயிட்டு வந்த அந்த வாரமே ரெண்டு தடவையும் விழுந்தேன். எழுதுங்க, ஏன் நிறுத்திட்டீங்க?"

"எல்லாத்தையும் எழுதும்மா, மிச்சம் வெக்காத" என்றார் ஆர்ச்சி.

பிலிப்பா எழுதினாள். காதுமடல் சிவக்க, தலை நிமிராமல் எழுதினாள்.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. வேலை போகவில்லை. ட்ரிப்ஸ் ஏற்றும் நாள் இனிமேல் லீவாகாது. தொற்றில்லாத பேதிக்கு அந்த இரண்டு நாள் விதியும் அவளுக்குக் கிடையாது. ஆனால் நெஞ்சுச்சளிக்கான எச்சரிக்கை மட்டும் ஒரு வருஷம் அவள்மேல் நிற்கும். அந்தச் சளி யாரிடமிருந்து ஒட்டியது என்று நிரூபிக்க வழியில்லையாம். வார்டில் எல்லாரும் கட்டிப்பிடித்தார்கள். ஒருத்தி கேக் வாங்கி வந்தாள். செங்கா கேக்கை வெட்டிக் கொடுத்தாள், சந்தோஷப்பட மறுத்தாள். என்னிடமிருந்து பிடுங்கியதில் பாதியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள், அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டுமா என்று கேட்டாள். இரவில் படுத்தால் அந்தக் கண்ணாடிக் கதவு ஞாபகம் வருவதில்லையாம். அந்தச் சமையலறை மேஜையில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் வருகிறதாம். அதை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது என்றாள்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் ஊழியர் நல வாரம் கொண்டாடினார்கள். ஃப்ரேசர் ஒரு கூடையோடு வார்டு வார்டாக வந்தான். ஆளுக்கொரு ஆப்பிள். ஒவ்வொன்றிலும் 'உங்கள் நலமே எங்கள் அக்கறை' என்று ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. செங்காவுக்கும் ஒன்றை எடுத்து நீட்டினான், நல்ல முகத்தோடுதான். பழத்தின் தோல் அவள் குடலுக்கு ஆகாது. அவனே கையெழுத்துப் போட்டு வைத்திருக்கும் கோப்பில் அது இரண்டு இடத்தில் இருக்கிறது.

செங்கா வாங்கிக்கொண்டாள். ட்ராலியிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தாள். அவன் கூடையோடு நிற்க, அவசரப்படாமல் சுற்றிச் சுற்றி, அறுபடாமல் உரித்தாள். தோல் சுருள் சுருளாகத் தொங்கியது, ஒட்டியிருந்த வாசகத்தோடு. அவனது வலது கையைப் பிடித்து விரித்து, அதில் தோலை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். பிறகு பழத்தை ஒரு கடி கடித்துவிட்டு ட்ராலியைத் தள்ளினாள்.