காட்டுக்குக் கட்டிய ராணி கலர் புடவை

பட்டாம்பூச்சி பார்க்க வருகிறவர்கள் மண் நிறத்திலோ மங்கிய பச்சையிலோ உடுத்தி வர வேண்டும், சென்ட் கூடாது, சத்தம் கூடாது என்று ஞாயிறுதோறும் காட்டு நடையை நடத்துகிற அண்ணா, என் அம்மாவின் போனுக்கு முன்கூட்டியே செய்தி அனுப்பியிருந்தார். ஆறாம் வகுப்பு முடித்திருந்த எனக்கு அது வேதவாக்கு. பழைய காக்கி டவுசரைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தால், அத்தை ராணி கலர் பட்டுப் புடவையில் நிற்கிறாள். தலை நிறைய மல்லிகை வேறு.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. செம்பாக்கத்தில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். கறிவேப்பிலைச் செடியில் புழுவைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறி நிற்கிறவள். அவள் எதற்கு வருகிறாள் என்று கேட்டதற்கு அம்மா, "வாய மூடிட்டு ஆட்டோல ஏறு" என்றாள்.

விஷயம் வேறு. எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அத்தையைப் பெண் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, போய் போன் பண்ணுகிறோம் என்று எழுந்து போவதே வழக்கமாகிவிட்டது. இனி எவர் முன்னாலும் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்க மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். திருநீர்மலைக் கோயிலில் வைத்துப் பார்க்கலாம் என்றால், படியேறுகிற பாதிப் பேர் தெரிந்தவர்கள். தட்டிப்போனால் ஊர் வாய்க்கு அவல் கிடைத்துவிடும். இப்போது வந்திருக்கிற மாப்பிள்ளைக்குப் பட்டாம்பூச்சிப் பைத்தியம் என்று தெரிந்ததும் அம்மாவுக்கு இந்த யோசனை வந்திருக்கிறது. தற்செயலாகப் பார்த்துக்கொண்ட மாதிரி இருக்குமாம். அண்ணாவின் செய்தியை அம்மாவும் படித்தாள்தான். ஆனால் பெண் பார்ப்பதற்கும் ஒரு சட்டம் இருக்கிறதே.

நன்மங்கலம் காட்டில் மே மாத வெயில் காலையிலேயே சுட்டது. எல்லோரும் செடியோடு செடியாக நிற்க, அத்தை மட்டும் கல்யாண மண்டபத்து வாசலில் சந்தனம் கொடுக்க நிற்பவள் மாதிரி இருந்தாள். அண்ணா அவள் புடவையை ஒரு தடவை பார்த்துவிட்டு முன்னால் நடந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு. எருக்கஞ்செடியில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி உட்கார்ந்திருப்பதை நான்தான் முதலில் காட்டினேன். யாரும் கவனிக்கவில்லை. யாரோ ஓர் அம்மாள் அத்தையை ஒட்டியே நடந்து, "கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவியாம்மா? எனக்கு முட்டி வலி, வீட்ல ஒரு ஆள் இருந்தா தேவலை" என்று கேட்டுக்கொண்டு வந்தாள். அவள் மகன் கேமராவும் கையுமாக முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

அப்போது நீலக் கோடு போட்ட பட்டாம்பூச்சி ஒன்று வந்து அத்தையின் முன்கையில் உட்கார்ந்தது.

"அசையாதீங்கக்கா. வேர்வைல இருக்கற உப்புக்கு வந்திருக்கு" என்றார் அண்ணா மெதுவாக.

கூட்டம் முழுக்க அவளைச் சுற்றி நின்றுவிட்டது. அத்தை முதலில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிறகு ஒரு கண்ணைத் திறந்தாள், அப்புறம் இரண்டையும். வந்த காரியத்தையே மறந்தவள் போல அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முட்டி வலி அம்மாள் அத்தையை உச்சி முதல் பாதம் வரை நிதானமாகப் பார்த்தாள். மகன் கிட்டே வந்து, "கைய மட்டும் கொஞ்சம் திருப்புங்க" என்று பூச்சியைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். அவர் அத்தையின் முகத்தை நிமிர்ந்து பார்த்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை.

நான் ஒரு வேல மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன், இவள் என்னோடு வந்தவள் என்று யாருக்கும் தெரிய வேண்டாம் என்று. அதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

சாயங்காலம் போன் வந்தது. அப்பா, "சரிங்க... பரவால்லங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். அத்தை கண்ணாடி முன்னால் நின்று வாடிய மல்லிகையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததை நான் அப்போதுதான் கொட்டினேன்.

"எல்லாரும் உன்னயே பாத்தாங்க அத்தை. எனக்கு எவ்ளோ வெக்கமா இருந்துச்சு தெரியுமா? இனிமே நீ வராத."

சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் கழற்றிய பூவைக் கண்ணாடி முன்னால் வைத்தாள்.

"சரிடி. இனிமே வரல" என்றாள்.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாளே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டுமே என்று காக்கி டவுசரைத் துவைக்க எடுத்துக்கொண்டு ஓடினேன்.